கேள்வி பதில்: ஃபீட் ஏன் திடீரென்று நின்றுபோகிறது?

மாட்டுங்கா வாசகர்: எங்கள் சங்கத்தின் நிகழ்ச்சி அறிவிப்பை முலுண்ட், செம்பூர் கிளைத் தளங்களிலும் தனித்தனியாக ஏற்றுகிறோம். தானாகவே போய்ச் சேர வழி உண்டா? மூன்றுமே வேர்ட்பிரஸ் தளங்கள்.

உண்டு. உங்கள் தளத்தில் ஆர்.எஸ்.எஸ். ஃபீட், அதாவது புதிய பதிவுகளைப் பிற தளங்களும் செயலிகளும் தானாக எடுத்துக்கொள்ளும் பட்டியல், இப்போதே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அறிவிப்புகளுக்கென்று ஒரு கேட்டகரி வைத்து, அதன் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்று சேர்த்தால், அந்தக் கேட்டகரியின் பதிவுகள் மட்டும் வரும். கிளைத் தளங்களில் ஆர்.எஸ்.எஸ். பிளாக்கைச் செருகி இந்த முகவரியை ஒட்டுங்கள். 'பேஜ்' ஆகப் போட்டவை ஃபீடில் வராது. 'போஸ்ட்' ஆகப் போட வேண்டும்.

கிளைகளில் தலைப்பை மட்டும் காட்டுவதே நல்லது. மண்டபம் மாறினால் மூலப் பதிவில் ஒரு இடத்தில் திருத்தினால் போதும். தலைப்பைத் தட்டி வருகிறவர்கள் திருத்தியதைத்தான் படிப்பார்கள். ஒன்றை மறக்கக் கூடாது: எடுத்து வந்த ஃபீடை வேர்ட்பிரஸ் 12 மணி நேரம் கேஷில், அதாவது தற்காலிகச் சேமிப்பில், வைத்துக்கொள்ளும். காலையில் போட்ட அறிவிப்பு மாலை வரைக்கும் கிளையில் தெரியாமல் போகலாம். கிளைத் தளங்களில், கேஷ் காலத்துக்கென்று உள்ள ஃபில்டரில் (வேர்ட்பிரஸின் அமைப்பை நிரல் வழியாக மாற்றும் வசதியில்) 1800 வினாடி, அதாவது அரை மணி என்று குறைத்துவிடுங்கள்.

செம்பூர் வாசகி: என் தளத்துக்கு பிஹெச்பியில் நானே ஃபீட் எழுதினேன். சில நாள் சரியாக வருகிறது, சில நாள் ரீடரில் (ஃபீடைப் படிக்கும் செயலியில்) ஒன்றுமே வருவதில்லை.

பதிவின் சுருக்கத்தை, உரையை வெட்டும் 'சப்ஸ்டர்' கட்டளை கொண்டு 300 என்று வெட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். அது எழுத்தை எண்ணாது, கணினியின் சேமிப்பு அலகான பைட்டை எண்ணும். யூ.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் 'ம' 3 பைட், 'மு' 6 பைட். இடைவெளியும் காற்புள்ளியும் ஒவ்வொரு பைட். 300ஆவது பைட் எழுத்தின் முடிவில் விழுந்தால் பிழைத்தீர்கள். நடுவில் விழுந்தால் அரைகுறை பைட் மிஞ்சும். ஃபீட் எழுதப்படும் எக்ஸ்.எம்.எல். வடிவம் இதைப் பொறுத்துக்கொள்ளாது, ஒரு பதிவில் உள்ள கோளாறுக்காக ரீடர் மொத்த ஃபீடையும் தள்ளிவிடும். அதனால்தான் சில நாள் மட்டும் நிற்கிறது. உரையை அப்படியே வைக்க உதவும் சிடேட்டா பகுதிக்குள் பொதிந்தாலும் இது தீராது.

பைட்டுக்குப் பதிலாக எழுத்துக் குறிகளை எண்ணும் 'எம்பி_சப்ஸ்டர்' பயன்படுத்துங்கள். அதிலும் 'கோ' என்பது க, துணைக்குறி என்று இரண்டாக எண்ணப்படுவதால், நடுவில் வெட்டினால் வெறும் 'க' நிற்கும். ஃபீட் உடையாது, ஆனால் சொல் கெட்டுப்போகும். வெட்டிய இடத்திலிருந்து பின்னோக்கிப் போய்க் கடைசி இடைவெளியில் நிறுத்துவதே சரி.

தலைப்பில் வரும் & குறியை &#38; என்று எழுத வேண்டும்; எடிட்டரிலிருந்து ஒட்டும்போது வரும் 'என்பிஎஸ்பி' என்ற இடைவெளிக் குறியை &#160; ஆக்க வேண்டும். முதல் வரிக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலும் ஃபீட் திறக்காது. தேதியில் மாதம் ஆங்கில மூன்றெழுத்தாகவும், நேர மண்டலம் +0530 என்றும் இருக்கட்டும். 'பிப்' என்று தமிழில் போனாலோ, ஐ.எஸ்.டி. என்று எழுதினாலோ ரீடருக்குத் தேதி புரியாமல் போய், வரிசை குலையலாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டபிள்யூ3சியின் ஃபீட் வேலிடேட்டரில் சோதியுங்கள்; எந்த வரியில் பிழை என்று அதுவே சொல்லும்.

டோம்பிவிலி வாசகர்: வேர்ட்பிரஸ் தளத்தைப் பாதுகாப்பான எச்.டி.டி.பி.எஸ். முகவரிக்கு மாற்றியதும், பழைய பதிவுகள் எல்லாம் புதிதாக வந்தவை போல வாசகர்களுக்குப் போய்விட்டன. ஏன்?

ஒவ்வொரு பதிவுக்கும் ஃபீடில் 'ஜியூஐடி' என்று ஓர் அடையாளம் உண்டு. ரீடர் அதை வைத்துத்தான் பழசு, புதுசு பிரிக்கிறது. டேட்டாபேஸில் பழைய முகவரியைத் தேடி மாற்றியபோது ஜியூஐடியும் சேர்ந்து மாறியிருக்கும். போனதைத் திரும்ப அழைக்க முடியாது. இப்போது ஜியூஐடியைப் பழையபடி மாற்றினால் எல்லாம் இன்னொரு முறை போய்ச் சேரலாம், ஆகவே அப்படியே விடுங்கள். அடுத்த முறை மாற்றும்போது ஜியூஐடி நெடுவரிசையைத் தொடாமல் ஒதுக்கிவிடுங்கள்.