மனநோய், தெரு, சிறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மனநலச் சமூகப் பணியாளராக இருபது வருடங்களுக்கு மேல் தெருவோரங்களிலும் சிறை மருத்துவப் பிரிவுகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். எந்த மாத்திரையைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அது உங்கள் மருத்துவர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது.

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா). மனநோயாளி ஒருவர் யாரையோ தாக்கிவிட்டார் என்று செய்தி வந்தால் அன்று முழுக்க அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டையே பார்க்கிறார்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறதா?

பதில்: அடியோடு இல்லை என்றால் பொய்யாகிவிடும். சிகிச்சை இல்லாமல் நோய் முற்றியிருக்கும்போது, கூடவே குடியோ போதையோ சேர்ந்தால், வன்முறைக்கான வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் அமெரிக்கக் கணக்குப்படி அங்கு நடக்கும் வன்முறையில் தீவிர மனநோயால் நடப்பது சுமார் 4 சதவீதம். நாளைக் காலையில் மனநோயே இல்லாமல் போனாலும் மீதி 96 அப்படியே நடக்கும். அடி வாங்குகிற பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2005-இல் வெளியான சிகாகோ ஆய்வில், தீவிர மனநோய் உள்ளவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் ஒரே வருடத்தில் வன்முறைக் குற்றத்துக்கு ஆளாகியிருந்தார்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் 11 மடங்கு.

இந்தக் கணக்கை அக்கம்பக்கத்தாரிடம் ஒப்பிக்காதீர்கள், எடுபடாது. தம்பி தேறியிருக்கும் நாட்களில் அவருக்கும் விருப்பம் இருந்தால் கூட அழைத்துக்கொண்டு வெளியே போங்கள். வாசலில் உட்காரட்டும், எதிர்வீட்டாரிடம் நாலு வார்த்தை பேசட்டும். அவரை உள்ளேயே ஒளித்து வைத்தால், அந்தத் தெருவுக்குத் தெரிந்த ஒரே மனநோயாளி செய்தியில் வந்தவராகத்தான் இருப்பார்.

கேள்வி: 'பைத்தியம்' என்று சொல்லாதே, 'மனநலப் பாதிப்பு' என்று சொல் என்கிறார்கள். பெயரை மாற்றினால் நோய் குணமாகிவிடுமா?

பதில்: ஆகாது. ஆனால் ஜப்பானில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இந்த நோய்க்கு 'மனம் பிளந்த நோய்' என்று பொருள்படும் பெயர் இருந்தது. நம் 'மனச்சிதைவு'க்கு உடன்பிறப்பு மாதிரி. பெயரைக் கேட்டாலே ஆள் ஒடிந்துபோவார் என்று மருத்துவர்களே நோயாளியிடம் சொல்லத் தயங்கினார்கள். 2002-இல் 'ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்கிற பொருளில் பெயரை மாற்றினார்கள். அதற்கு முன் சுமார் 37 சதவீத நோயாளிகளுக்குத்தான் தங்கள் நோயின் பெயர் சொல்லப்பட்டிருந்தது. சில வருடங்களிலேயே அது 70 சதவீதத்தை நெருங்கிவிட்டது. என்ன நோய் என்றே தெரியாதவர் எதற்காக மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவார்?

கேள்வி: நான் தினமும் போகும் வழியில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டு படுத்திருக்கிறார். பணம் கொடுக்கலாமா? போலீஸைக் கூப்பிடலாமா?

பதில்: முதலில் தினமும் ஒரே நேரத்தில் அவரைக் கடந்து போங்கள். எதிரே போய் நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், இரண்டு கை தூரத்தில் நின்று உங்கள் பெயரைச் சொல்லுங்கள். "ஏன் இங்கே இருக்கீங்க, வீடு எங்கே" என்று விசாரணை வேண்டாம். "ஏதாவது வேணுமா?" போதும். ஒரு பெண்மணியிடம் நாங்கள் மூன்று மாதம் இப்படிப் போய்வந்தோம், பதிலே இல்லை. ஒருநாள் திடீரென்று, "நகவெட்டி இருக்கா?" என்றார். கால் நகம் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது, நடக்க முடியவில்லை. நாங்களோ அதுவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போவது பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். காலில் கட்டுப் போட்டதற்கு அப்புறம்தான் மாத்திரைப் பேச்சே ஆரம்பித்தது. பணம் உங்கள் இஷ்டம்.

மயக்கம், ரத்தம், வண்டிகளுக்கு நடுவே ஓடுவது, தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துவது என்றால் உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். "மனநலப் பிரச்சினை மாதிரி தெரிகிறது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆயுதம் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வருகிறவர் எந்த மனநிலையில் வண்டியை விட்டு இறங்குகிறார் என்பதை அந்த வாக்கியம்தான் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரில் 1987-இல் மனநோய் இருந்த ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்கடுத்த வருடமே, சில காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி கொடுத்து இம்மாதிரி அழைப்புகளுக்கு அவர்களை அனுப்ப ஆரம்பித்தார்கள்.

ஆள் படுத்திருப்பது அருவருப்பாக இருக்கிறது என்பதற்காகக் கூப்பிடாதீர்கள். அத்துமீறி நுழைந்தார், டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தார், பொது இடத்தில் சிறுநீர் கழித்தார் என்று சின்னக் கேஸ் ஒன்று விழும். வாய்தா நோட்டீஸ் அனுப்ப அவருக்கு முகவரி கிடையாது. வரவில்லை என்று வாரண்ட் வரும். நான் சிறையில் பார்த்தவர்களில் பலர் இந்தப் படிக்கட்டில் இறங்கி வந்தவர்கள்தான்.

கேள்வி: என் மகன் நோய் முற்றிய நிலையில் கடை ஒன்றில் தகராறு செய்து கைதாகிவிட்டான். வக்கீல் ஜாமீன் விஷயத்தைப் பார்க்கிறார். அதுவரை நான் செய்யக்கூடியது என்ன?

பதில்: நிறைய இருக்கிறது. சரி, ஒரு தாளை எடுங்கள். நோயின் பெயர், மாத்திரைகளின் பெயர், அளவு, கடைசியாக எப்போது சாப்பிட்டான், மருத்துவரின் தொலைபேசி எண், முன்பு தற்கொலைக்கு முயன்றிருந்தால் அது, ஒவ்வாமை. இரண்டு நகல் எடுத்து ஒன்றைச் சிறை மருத்துவருக்கும் ஒன்றை வக்கீலுக்கும் கொடுங்கள். வாங்கியதற்குக் கையெழுத்துக் கேளுங்கள். கேட்பதில் சங்கடம் ஒன்றும் இல்லை.

மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபின் என்ற மாத்திரை சாப்பிடுபவன் என்றால் நேரம் முக்கியம். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கக் கூடாது, 12.5 மில்லிகிராமில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், வலிப்புகூட வரலாம். இன்னொன்று, பல மருத்துவர்களே மறந்துபோவது: பீடி சிகரெட் பழக்கம் உள்ளவன் உள்ளே போனதும் அது நின்றுபோகலாம். புகையில் இருக்கும் பொருட்கள்தான் அதுவரை கல்லீரலைத் தூண்டிவிட்டு குளோசபினையும், அதே நோய்க்கான இன்னொரு மாத்திரையான ஓலன்சபினையும் வேகமாகக் கரைத்துக்கொண்டிருந்தன. புகை நின்றால் அதே மாத்திரை ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஒரு வாரத்தில் பையன் எச்சில் வடியத் தூங்கி வழிவான், "நடிக்கிறான்" என்பார்கள். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் என்றால் குடிக்கத் தண்ணீர் போதுமான அளவு கிடைக்கிறதா என்று கேளுங்கள். உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் நஞ்சாகும்.

அப்புறம் தனியறை. காதில் குரல் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு, ஆள் எண்ணும் நேரத்தில் "எழுந்து நில்" என்ற சத்தம் பத்துச் சத்தங்களில் ஒன்று. எழவில்லை என்றால் ஒழுங்கு மீறல். அதற்குத் தண்டனை தனியறை. தனியறையில் குரல்கள் கூடும். மறுநாளும் எழ மாட்டான். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகள் இதைப் பற்றியும் பேசுகின்றன. தண்டிப்பதற்கு முன் அந்த நடத்தைக்கு மனநோய் காரணமா என்று பார்க்க வேண்டும் என்கிறது 39-ஆம் விதி. நிலைமை மோசமாகும் என்றால் மனநலக் குறைபாடு உள்ளவரைத் தனிமைச் சிறையில் வைக்கக் கூடாது என்கிறது 45. தீவிர மனநோய் உள்ளவருக்குச் சிறைவாசத்தால் நோய் கூடுமென்றால் மனநல மருத்துவ இடத்துக்கு மாற்ற வேண்டும் என்கிறது 109. இவை நேரடிச் சட்டம் ஆகா. ஆனால் வக்கீல் மனுவில் எண் போட்டு எழுதினால் எடை கூடுகிறது, நானே பார்த்திருக்கிறேன்.

மகனைப் பெற்ற தப்புக்குத் தலைகுனிந்து நிற்பது மாதிரி எழுதியிருக்கிறீர்கள். 12 நாடுகளில் சுமார் 23,000 கைதிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வந்த கட்டுரைப்படி, ஏழு கைதிகளில் ஒருவருக்கு நிஜம் பிடிபடாமல் போகும் மனநோயோ (சைக்கோசிஸ்) கடும் மனச்சோர்வோ இருந்தது. பார்வையாளர் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் அம்மாவிடம் பேசிப் பாருங்கள்.

கேள்வி: பழைய பெரிய மனநல மருத்துவமனைகளை மூடியதால்தானே இவ்வளவும்? மறுபடி திறந்தால் என்ன?

பதில்: பாதி சரி. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லயனல் பென்ரோஸ் 1939-இலேயே 18 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு, மனநலப் படுக்கைகள் குறைவாக உள்ள இடத்தில் கைதிகள் அதிகம் என்று எழுதினார். அமெரிக்காவில் 1955-இல் அரசு மனநல மருத்துவமனைகளில் சுமார் 5,59,000 பேர் இருந்தார்கள். 1963-இல் கென்னடி சமூக மனநல மையங்களுக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆட்களை வெளியே அனுப்பும் வேலை நடந்தது. மையங்கள் கட்டும் வேலை திட்டமிட்ட அளவுக்கு நடக்கவில்லை. மூடியதைவிட, மூடி மிச்சம் பிடித்த பணம் நோயாளியின் பின்னால் போகாததுதான் கோளாறு என்பேன்.

இத்தாலியின் டிரியெஸ்டே நகரில் வேறு மாதிரி செய்தார்கள். மனநல மருத்துவர் ஃபிராங்கோ பசாலியா 1971-இல் அங்கிருந்த மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பேற்றார். 1973-இல் நோயாளிகளும் ஓவியர்களும் சேர்ந்து மரத்தாலும் காகிதக் கூழாலும் ஒரு பெரிய நீலக் குதிரை செய்து ஊர்வலமாகக் கிளப்பினார்கள். மருத்துவமனை வாசல் வழியே குதிரை போகவில்லை, அவ்வளவு பெரிது. வாசலை உடைத்து வெளியே கொண்டுபோனார்கள். 1978-இல், மனநல மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடச் சொல்லும் 180-ஆம் எண் சட்டம் இத்தாலியில் வந்தது. அந்த ஊரில் மருத்துவமனைக்குப் பதிலாக 24 மணி நேரமும் திறந்திருக்கும் சில மையங்கள் எழுந்தன, ஒவ்வொன்றிலும் சில படுக்கைகளோடு.

கேள்வி: குடியை விட்டால்தான் தங்க இடம் என்று எங்கள் குழுவில் பாதிப்பேர் சொல்கிறோம். தவறா?

பதில்: தவறு என்றுதான் நினைக்கிறேன். நியூயார்க்கில் 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார்: முதலில் வீட்டுச் சாவி, மற்றது பிறகு. கனடா 2009-இல் தொடங்கி ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தது. வீட்டில் நிலைத்திருப்பதில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. நோய் அறிகுறிகளிலும் போதைப் பழக்கத்திலும் வழக்கமான உதவி பெற்றவர்களைவிடப் பெரிதாக முன்னேற்றம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வீடு மாத்திரை ஆகாது. ஆனால் மாத்திரையை வைக்க ஒரு அலமாரி வேண்டுமே.

கேள்வி: அண்ணன் அடுத்த மாதம் விடுதலை ஆகிறார். என்ன தயார் செய்யட்டும்?

பதில்: முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து. வாஷிங்டன் மாகாணத்தில் விடுதலையானவர்களைத் தொடர்ந்து பார்த்த 2007 ஆய்வில், அந்த இரண்டு வாரங்களில் மரண வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 13 மடங்கு இருந்தது. போதை மருந்தின் அளவு மீறியதே முதல் காரணம். உள்ளே இருந்த காலத்தில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். போதைப் பழக்கம் இருந்தவர் என்றால் இதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மனநல மருத்துவரிடம் முதல் வாரத்துக்கே நேரம் வாங்கி வையுங்கள். சிறை மருத்துவக் குறிப்பின் நகலையும் குறைந்தது இரண்டு வார மாத்திரையையும் எழுத்தில் கேளுங்கள். அடையாள அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றே தேடுங்கள். விடுகிற நேரத்தைக் கேட்டு, வாசலில் யாராவது நில்லுங்கள். ஒருமுறை நான் இன்னொருவருக்காகக் காத்திருந்தபோது ராத்திரி பத்தரைக்கு ஒருவர் வெளியே வந்தார். கையில் பிளாஸ்டிக் பை, அதில் மூன்று மாத்திரை மிச்சமிருந்த அட்டை. ஷூவில் கயிறு இல்லை. உள்ளே போகும்போது கழற்றி வாங்கியது திரும்பி வரவில்லை. வலது பக்கம் நாலடி நடந்தார், நின்றார், இடது பக்கம் திரும்பினார். அண்ணனுக்குப் போகும்போது ஒரு ஜோடி செருப்பும் எடுத்துக்கொண்டு போங்கள்.