தங்கச்சி, அந்தக் குச்சிகளை இப்போதைக்கு வெட்டாதீர்கள்

வணக்கம் தங்கச்சி. போன கார்த்திகையில் கிளிநொச்சியிலிருந்து கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதிக்கு வந்ததாகவும், பின்வளவை விருப்பம்போல பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். ஸ்னோ கரைந்த பிறகு பார்த்தால் மண்ணிறப் புல்லும் காய்ந்த குச்சிகளும்தான் மிச்சம், எல்லாம் செத்துக் கிடக்கிறது, முழுதையும் பிடுங்கிவிட்டுக் கத்தரியும் செவ்வந்தியும் வைக்கலாமா, எப்போது வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். கத்தரியும் செவ்வந்தியும் தாராளமாக வைக்கலாம். பிடுங்குவதை மட்டும் கொஞ்சம் பொறுங்கள்.

நான் இப்போது ஊரில் நிற்கிறேன். வட்டக்கச்சியில் தம்பி வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். சித்திரை வருஷம் பிறந்து நாலு நாளாகிறது. முற்றத்து வேம்பு பூவாய்க் கொட்டுகிறது. வடகத்துக்கென்று தம்பியின் மனைவி விடியவே மரத்துக்குக் கீழே பழைய சேலை ஒன்றை விரித்துவிட்டாள். நேற்றுப் பின்னேரம் சித்திரைச் சிறுமாரி பத்து நிமிஷம் பெய்துவிட்டுப் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் கொன்றை மஞ்சளாய்த் தொங்குகிறது. நீங்கள் வளர்ந்த வளவும் இந்நேரம் இப்படித்தான் இருக்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு அங்கே ஜன்னலால் எட்டிப் பார்த்தால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். எனக்கும் 1998இல் அப்படித்தான் இருந்தது.

நான் கனடாவுக்குப் போனது 1997 கார்த்திகையில். ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்தோம். வீட்டுக்காரி கணவரை இழந்த வயதான போர்த்துக்கேய அம்மா, மேல்தட்டில் தனியே இருந்தார். மே மாதம் பக்கத்து வளவுகளெல்லாம் பச்சை பிடித்துவிட்டன. எங்கள் பின்வேலியோரம் மட்டும், என் உயரத்துக்கும் மேலே ஒரு செடி, ஒரு இலைகூட இல்லாமல் நரைத்த குச்சிக் கட்டாக நின்றது. பட்டுப்போன செடி என்று முடிவுகட்டி, கராஜில் கிடந்த வாளை எடுத்து அடியோடு அறுத்தேன். அந்த அம்மாவுக்கு ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன். அவர் படியால் இறங்கி வந்தார். ஒன்றும் பேசவில்லை. விழுந்து கிடந்த ஒரு கொப்பை எடுத்து, பெருவிரல் நகத்தால் தோலை மெல்லச் சுரண்டி என் பக்கம் நீட்டினார். உள்ளே பச்சை. நல்ல ஈரப் பச்சை. அடிக்கட்டையைப் பார்த்தேன், வெட்டுவாயில் நீர் துளிர்த்து நின்றது.

அது ரோஸ் ஒஃப் ஷரோன். எங்கள் செவ்வரத்தையின் இனம்தான், பூவைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அந்த ஊர்க் குளிரைத் தாங்கும், ஆனால் மற்ற எல்லாச் செடியும் தளிர்த்த பிறகுதான் அது கண் விழிக்கும். மே கடைசி, சில வருஷம் ஜூன்கூட ஆகும். ஆடி ஆவணியில் பூக்கும். நான் அறுத்த கட்டையில் கொஞ்ச நாளில் ஐந்தாறு தளிர் வந்தது. திரும்பவும் பூக்க இரண்டு வருஷம் பிடித்தது. அந்த இரண்டு வருஷப் பூ அந்த அம்மாவுக்கு என்னால் இல்லாமல் போனது, இன்றைக்கும் அது என் மனதில் கிடக்கிறது.

என்னை உலுக்கியது அந்த நகம்தான் தங்கச்சி. கதியால் போட்ட பிறகு எங்கள் ஐயா வேலி நீளத்துக்கு நடந்து நடந்து கிளுவையையும் பூவரசையும் இப்படித்தான் சுரண்டிப் பார்ப்பார். பச்சை என்றால் விடு, மண்ணிறம் என்றால் பிடுங்கு. ஏழு எட்டு வயதிலேயே நானும் பின்னால் போய்ச் சுரண்டியிருக்கிறேன். ஆறு மாதக் குளிருக்குள் எனக்கு அந்த நாட்டில் ஒன்றுமே தெரியாது என்று நம்பத் தொடங்கியிருந்தேன், அதனால் தெரிந்ததும் கைக்கு வரவில்லை. உங்களுக்கும் அது நடந்துவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். நீங்கள் தோட்டம் தெரியாத ஆளில்லை. அந்த மண்ணின் நேரகாலம் மட்டும்தான் உங்களுக்குப் புதிது.

எங்கள் கார்த்திகைப்பூவை நினைத்துப் பாருங்கள். இப்போது சித்திரையில் இந்த வேலியெல்லாம் தேடினாலும் அதன் அடையாளமே இருக்காது. கிழங்கு மண்ணுக்குள் கிடக்கிறது. ஐப்பசி மழை விழுந்ததும் கொடி எழும்பும், கார்த்திகையில் நெருப்பாய்ப் பூக்கும். வன்னியில் வெயிலுக்குப் படுக்கிறது, உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் குளிருக்குப் படுக்கிறது. ரியூலிப், டஃபோடில் எல்லாம் அதே மாதிரிக் கிழங்குதான். மண் உறைய முன்னர், புரட்டாசி ஐப்பசியில் யாரோ தாட்டு வைத்திருப்பார்கள். மாதக்கணக்கில் குளிர் பட்டால்தான் அவை பூக்கும். உங்களுக்கு முன்னர் அந்த வளவில் இருந்த யாரோ ஒருவரின் கை அந்த மண்ணுக்குள் இருக்கிறது, அது என்னவென்று ஒரு வருஷம் முழுக்கப் பார்த்தால்தான் தெரியும்.

தம்பி குடும்பம் 2010இல் முகாமிலிருந்து இந்தக் காணிக்குத் திரும்பியபோது வளவு முழுக்கப் பற்றை. கூரை இல்லை, தென்னை பாதி இல்லை. பற்றை வெட்ட ஆள் பிடித்தபோது, கிணற்றடிப் பக்கம் மட்டும் மழைக்குப் பிறகு பார்ப்போம் என்று தம்பி நிறுத்திவிட்டான். மாரி வந்தது. பற்றைக்கு உள்ளேயிருந்து அம்மாவின் நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் தளிர்த்தன. இதை எழுதும்போது என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது அந்தச் செவ்வரத்தைதான், இன்றைக்கு பதினொரு பூ.

சரி, உங்கள் வளவுக்கு வருவோம். சிவப்பாகக் கூர் கூராக மண்ணைக் கிழித்துக்கொண்டு ஏதோ வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் பியோனி. தயவுசெய்து மிதித்துவிடாதீர்கள். ஜூனில் கிண்ணம் கிண்ணமாகப் பூக்கும். மொட்டில் எறும்பு மொய்க்கும், அதனால் ஒரு கேடும் இல்லை, மருந்து அடிக்க வேண்டாம். வாள் மாதிரித் தடித்த பச்சை இலை கூட்டமாக வந்தால் டஃபோடில் அல்லது ரியூலிப். பூ முடிந்ததும் தண்டை மட்டும் கிள்ளுங்கள், இலை தானாக மஞ்சளாகும்வரை விடுங்கள். அடுத்த வருஷப் பூவுக்குச் சாப்பாடு அந்த இலை வழியாகத்தான் கிழங்குக்குப் போகிறது. பார்க்க வடிவில்லை என்று வெட்டினால் வருகிற வருஷம் வெறும் இலைதான். ரியூலிப்பை அணில் தோண்டும், முயல் கடிக்கும். ஊரில் மயிலோடும் குரங்கோடும் மல்லுக்கட்டினீர்களே, அதற்கு இது எவ்வளவோ மேல். டஃபோடிலை இரண்டும் தொடாது, அதில் நஞ்சு இருக்கிறது.

இலை வர முதலே குச்சியெல்லாம் மஞ்சளாய்ப் பூத்தால் அது ஃபோர்சீத்தியா. எங்களுக்குக் கொன்றை எப்படியோ அப்படி ஒரு அடையாளம் அது. அது பூக்கிற கிழமை ரோசாவைக் கத்தரிக்கலாம். ஆனால் ஃபோர்சீத்தியாவையும் லைலக்கையும் பூத்து முடியுமட்டும் தொடக் கூடாது, போன வருஷமே மொட்டுக் கட்டி வைத்துவிட்டவை அவை. என்ன செடி என்று தெரியாத எதையும் சுரண்டிப் பாருங்கள், போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், கிழமைக்கு ஒரு படம் போதும். ஐப்பசியில் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு எதை எங்கே மாற்றுவது என்று யோசிக்கலாம்.

கத்தரிக்கும் செவ்வந்திக்கும் வேலியோரம் ஒரு வெறுமையான துண்டு நிலத்தைப் பிடியுங்கள். ஏப்ரலில் ஒரு நாள் சுள்ளென்று வெயில் எறிக்கும், கடைகளில் கன்றும் வைத்துவிடுவார்கள். ஏமாந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகும் உறைபனி வரும், ஸ்னோவே கொட்டிய ஏப்ரல் எத்தனையோ. ரொறன்ரோப் பக்கத்து ஆட்கள் விக்ரோரியா நாளைக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். மே 25க்கு முந்தின திங்கட்கிழமை அது. அதற்குப் பிறகு கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகளை வைக்கலாம். பயிற்றை, வெண்டி, பாகல் எல்லாம் நிலம் சூடேறி ஜூன் பிறந்த பிறகு விதைத்தாலும் பிந்தாது. அங்கே ஜூனில் பகல் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேலே, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம். இங்கே வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசமே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தானே. அந்த நீண்ட வெளிச்சத்தில் கன்று பாய்ந்து வளரும், நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

மண்ணைக் கொத்த முதல் பதம் பாருங்கள். ஸ்காபரோவில் பல இடத்தில் களிமண். ஒரு பிடி எடுத்து உருட்டி விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம், உருண்டையாகவே இருந்தால் இன்னும் ஒரு கிழமை விடுங்கள். ஈரத்தில் கொத்தினாலும் மிதித்தாலும் கோடையில் செங்கல் மாதிரி இறுகிவிடும். வேலிக்குக் கால் நடவோ மரம் வைக்கவோ ஆழமாகத் தோண்டுவதென்றால், முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டு, அவரைக்கொண்டு ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கள். காஸ், மின்சாரக் குழாய் எங்கே போகிறதென்று இலவசமாக அடையாளம் போட்டுத் தருவார்கள். அறிவிக்காமல் தோண்டுவது சட்டப்படி பிழை, ஆபத்தும்கூட.

புல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு இதில் மனம் பழகக் கனகாலம் எடுத்தது. இங்கே விடிய எழும்பித் தும்புத்தடியால் கூட்டி, ஒரு புல் இல்லாமல் மண் தெரிகிற முற்றம்தான் நல்ல முற்றம். பாம்பு வந்தாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அங்கே மண் தெரிந்தால் வளவைக் கவனிக்கவில்லை என்பார்கள். அதற்காகப் புல்லை வளரவிட்டு இருக்கவும் முடியாது, ரொறன்ரோவில் 20 சென்ரிமீற்றருக்கு மேலே போகக் கூடாது என்று நகரச் சட்டம். மஞ்சளாய்ப் பூக்கிற டான்டிலையனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மழை பெய்த மறுநாள் நீளக் கத்தி ஒன்றால் வேரோடு எடுங்கள், சுகமாக வரும். களைக்கு மருந்து அடிக்கலாமே என்று ஊர் ஞாபகத்தில் தேடாதீர்கள். வீட்டு வளவுக்கு அழகுக்காக அப்படியான மருந்து அடிப்பதை ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலில் இருந்து தடை செய்திருக்கிறார்கள். எனக்கு அது நல்ல சட்டமாகவே படுகிறது. இந்தப் பக்கத்து வயல்களில் மருந்து அடிக்கிற பொடியன்கள் முகத்துக்கு ஒரு துணிகூடக் கட்டாமல் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

வீட்டு வேலையும் கொஞ்சம் இருக்கிறது. மாரிக்கு உள்ளே பூட்டிய வெளிக்குழாயை உறைபனி போன பிறகு திறவுங்கள், திறந்ததும் உள்ளே போய்ச் சுவர் நனைகிறதா என்று பாருங்கள். கூரைத் தண்ணீர் வீட்டு அத்திவாரத்தடியில் விழாமல் தள்ளிப் போகிறதா என்றும் கவனியுங்கள், பேஸ்மென்றில் இருக்கிறவர்களுக்கு அது முக்கியம். சருகைக் கடதாசிப் பையில் தெருவோரம் வைக்க வேண்டும், பிளாஸ்ரிக் பையில் வைத்தால் எடுக்க மாட்டார்கள். சருகு கூட்ட அவசரப்படவும் வேண்டாம், உள்ளே வெறுமையான காய்ந்த தண்டுகளுக்குள் தேனீக்கள் படுத்திருக்கும்.

கறிவேப்பிலையும் மல்லிகையும் ஊரிலிருந்து யாரும் கொண்டு வரட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தங்கச்சி. மண்ணோடு கன்று கொண்டுபோக விட மாட்டார்கள், விதையோ தடியோ எதுவானாலும் விமான நிலையத்தில் சொல்லியாக வேண்டும். மே கடைசியில் எங்கள் தமிழ்க் கடை வாசல்களிலேயே சாடியில் வரும். வாங்கியதும் நேரே வெயிலில் வைத்தால் இலை வெளிறிக் கருகும். முதல் கிழமை நிழலில் வைத்து, நாளுக்கு நாள் வெயிலைக் கூட்டுங்கள். புரட்டாசியில் இரவு பத்து பாகைக்குக் கீழே இறங்க முதல் உள்ளே எடுத்துவிடுங்கள். என் கறிவேப்பிலைக்குப் பதினாறு வயது, அது இப்படித்தான் இத்தனை குளிரையும் கடந்தது.

ஒரு சனிக்கிழமை வசதிப்பட்டால் ரொறன்ரோவில் இருக்கிற ஹை பார்க் பூங்காவுக்குப் போய்விட்டு வாருங்கள். 1959இல் தோக்கியோ மக்கள் கொடுத்த செரி மரங்கள் அங்கே ஏப்ரல் கடைசியில் அல்லது மே தொடக்கத்தில் பூக்கும், ஒரு கிழமைதான் நிற்கும்.

தம்பி கிணற்றடியில் மெஷினைப் போட்டுவிட்டான், வாழைக்குத் தண்ணீர் மாற நான் போக வேண்டும். மே 20 போல ஸ்காபரோவுக்கு வந்துவிடுவேன், என் வளவில் பிரித்துத் தரச் செவ்வந்திக் கன்று இருக்கும். அதற்குள் வேலியோரத்துக் குச்சிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்து, எது பச்சை எது மண்ணிறம் என்று எனக்கு எழுதுங்கள்.