வாய்ப் புற்றுநோய் குணமான பிறகு இன்னொரு புற்றுநோய் வருமா?

கேள்வி: என் வயது 54. இடது கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய் வந்து, நான்கு வருடத்துக்கு முன் ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்தது. புகையிலையை விட்டுவிட்டேன். சாப்பிட்டதும் வெறும் வெற்றிலை பாக்கு, எப்போதாவது பீடி, அவ்வளவுதான். ஐந்து வருடம் தாண்டிவிட்டால் செக்கப்பே வேண்டாம் என்கிறார்கள். ஆனால் என்னோடு சிகிச்சை எடுத்தவருக்கு இப்போது உணவுக்குழாயில் புற்றுநோயாம். பழைய நோய் பரவிவிட்டதா டாக்டர்?

பதில்: பரவியதாக இருக்க வாய்ப்பு குறைவு. வாய்ப் புற்றுநோய் பரவினால் பெரும்பாலும் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு (நெறிகட்டும் இடங்கள்), அல்லது நுரையீரலுக்குப் போகும். உங்கள் நண்பருக்கு வந்திருப்பது அநேகமாக, புதிதாகத் தோன்றிய இரண்டாவது புற்றுநோய். புகையிலைச் சாறும் புகையும் கன்னத்தோடு நிற்பதில்லை. நாக்கு, தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் என எல்லாவற்றின் உள்சவ்வையும் வருடக்கணக்கில் கெடுத்திருக்கும். 1953-லேயே அமெரிக்க மருத்துவர் ஸ்லாட்டரின் குழு, வாய்க் கட்டியைச் சுற்றிக் பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரிந்த இடங்களிலும் செல்கள் மாறியிருப்பதைக் காட்டியது.

தலை, கழுத்துப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 2 முதல் 4 பேருக்கு இப்படி இன்னொன்று வருகிறது. ஐந்து வருடம் என்பது பழைய நோய் திரும்புவதற்கான கணக்கு. புது நோய்க்கு அந்தக் கெடு கிடையாது. ஐந்து வருடத்துக்குப் பிறகும் வருடம் ஒருமுறையாவது செக்கப்புக்குப் போகத்தான் வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது 'வெறும்' என்ற அந்தப் பாக்குதான். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே உறுதிசெய்துவிட்டது. பீடி எப்போதாவது என்றாலும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். மதுப் பழக்கம் இருந்தால் அதையும் சேர்த்து விடுங்கள். புகையும் மதுவும் சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது. தனியாக விட முடியவில்லை என்றால் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் கூப்பிடுங்கள், ஆலோசனை சொல்வார்கள்.

மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். நாக்கைத் தூக்கி அடியிலும், பக்கவாட்டிலும், வலது கன்னத்தையும் பார்க்கவேண்டும். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், குரல் கம்மல், ஒரு பக்கக் காதுவலி, சாதம் தொண்டையில் நிற்பது, சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வாய் சரியாகத் திறக்காமல் இருந்தால் நீங்களாகப் பார்ப்பது போதாது. குழாய் விட்டுத் தொண்டையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது புற்றுநோயும் ஆரம்பத்தில் கண்டால் குணமாகக்கூடியதே. ஆனால் ஏற்கெனவே கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் மறுபடி முழு அளவு கொடுப்பது கடினம். ஆபரேஷனே போதும் என்ற நிலையில் அது பிடிபட வேண்டும்.

அடுத்த முறை போகும்போது பாக்கு, பீடி விஷயத்தை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியதால் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பல் பிடுங்கும் தேவை வந்தால், தாடையில் கதிர்வீச்சு வாங்கியதைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.