வாக்கு பெங்களூரில், போட்டி ஆலங்குளத்தில்: சட்டம் அனுமதிக்குமா?

கேள்வி: தென்காசி மாவட்டம் ஆலங்குளத்துக்கு அருகிலுள்ள கிராமம் என் சொந்த ஊர். பதினோரு ஆண்டுகளாகப் பெங்களூரில் வேலை பார்க்கிறேன்; வாக்கையும் அங்கேயே மாற்றிக்கொண்டேன். ஊரில் சுயேச்சையாகச் சட்டமன்றத் தேர்தலில் நிற்க விரும்புகிறேன். முடியுமா? கட்சிகள் வெளியூர்க்காரர்களைக் கொண்டுவந்து நிறுத்துவதைத் தடுக்கச் சட்டமே இல்லையா?

பதில்: உள்ளூர்க்காரர் யார் என்பதைச் சட்டம் பிறந்த ஊரை வைத்துப் பார்ப்பதில்லை, பெயர் எந்த வாக்காளர் பட்டியலில் இருக்கிறது என்பதை வைத்தே பார்க்கிறது. அந்தக் கணக்கின்படி, ஆலங்குளத்து மண்ணில் வளர்ந்த நீங்கள் இன்றைய நிலையில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. சென்னையை விட்டு நகராத ஒருவரோ அங்கே தாராளமாக நிற்கலாம். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், சட்டமன்ற வேட்பாளர் அந்த மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும் என்கிறது. மக்களவைக்கு, ஓரிரு விதிவிலக்குகள் தவிர, நாட்டின் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் போதும். ஆகவே மக்களவைத் தேர்தல் என்றால் பெங்களூர் வாக்கோடு வந்தே நீங்கள் மனுத் தாக்கல் செய்யலாம். ஊராட்சித் தேர்தல் இதற்கு நேர்மாறானது: அந்த ஊராட்சியின் பட்டியலிலேயே பெயர் இருக்க வேண்டும். மாநிலங்களவைக்கு முன்பு அந்தந்த மாநிலத்து வாக்காளராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2003இல் அது நீக்கப்பட்டது, 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

உங்கள் இரண்டாவது கேள்வியில் தெரியும் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆயினும் தொகுதிக்குள் பிறந்தவரே நிற்க வேண்டும் என்று சட்டம் இயற்றுவதை நான் ஏற்க மாட்டேன். திருமணமாகிப் புகுந்த ஊரில் முப்பது ஆண்டுகள் வாழும் பெண்ணை அந்த ஊர்க்காரி இல்லை என்று எந்த வாயால் சொல்வது? ‘மண்ணின் மைந்தர்’ என்ற முழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, கேரளத்தவரான முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் சாட்சி. 1957, 1962 தேர்தல்களில் வட பம்பாயில் வென்றவருக்கு 1967இல், மராட்டியர் அல்லர் என்ற பேச்சு கிளம்பியதும், காங்கிரஸ் கட்சி வாய்ப்பை மறுத்தது. சுயேச்சையாக நின்று தோற்றார்.

நம் மக்களும் ஊர்ப் பாசத்தை மட்டும் பார்த்து வாக்களித்தவர்கள் அல்லர். அண்ணா 1962இல் தம் காஞ்சிபுரத்திலேயே தோற்றார். 1967இல் காமராஜரைத் தோற்கடித்தது அவருடைய சொந்த ஊரான விருதுநகர். 1969 இடைத்தேர்தலில் அவரை மக்களவைக்கு அனுப்பியது நாகர்கோவில். திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத்தைக் கேரளத்தின் மஞ்சேரி மூன்று முறை தேர்ந்தெடுத்தது. குளித்தலைக்கு வெளியூர்க்காரராக வந்து 1957இல் வென்ற மு. கருணாநிதி, சட்டமன்றத்தில் முதன்முதலாகப் பேசியது அந்தப் பகுதியின் நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையைத்தான்.

ஆனால் சட்டமன்ற உறுப்பினரிடம் மக்கள் பெரும்பாலும் கொண்டுவருவது சட்டப் பிரச்சினையை அல்ல. நின்றுபோன முதியோர் உதவித்தொகை, கிடைக்காத பட்டா, தூர் வாராத குளம் ஆகியவற்றைத்தான். உங்கள் பகுதியில் ஒரு பீடித் தொழிலாளி மனுவோடு புறப்பட்டால் அவருக்கு அன்றைய கூலி போய்விடும். போன இடத்தில் அலுவலகம் பூட்டியிருந்து, “ஐயா மெட்ராஸில் இருக்கிறார்” என்ற பதிலோடு அவர் திரும்புவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் என் வாக்கு, எங்கே பிறந்திருந்தாலும் தொகுதிக்குள் குடியிருப்பவருக்கே. வாக்குக் கேட்டு வருபவரிடம், வாரத்தில் எத்தனை நாள் இங்கே இருப்பீர்கள் என்று கேளுங்கள்; உங்களிடமும் ஊர் அதைக் கேட்கட்டும்.

இனி உங்கள் காரியம். பூர்வீக வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராகக் கருதப்பட மாட்டார் என்று அதே பெயரிலுள்ள 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. குடியேறாமல் குடியேறியதாக உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். எனவே முதலில் உண்மையாகவே குடிவாருங்கள். பிறகு படிவம் 8 வழியாக வாக்கை மாற்றுங்கள். தேர்தல் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மனுத் தாக்கலின் கடைசி நேரம் கடந்தபின் பட்டியலில் பெயர் சேர்க்க இயலாது.

சுயேச்சைக்குப் பத்து முன்மொழிபவர்கள் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். வேட்பாளரிடம் கேட்காத உள்ளூர்த் தகுதியைச் சட்டம் இவர்களிடம் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000.

தமிழ்நாட்டிலேயே வேறு தொகுதியில் வாக்கு வைத்துக்கொண்டு நிற்பதாக இருந்தால், அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலை மனுவோடு இணைக்க வேண்டும், அல்லது பரிசீலனையின்போது காட்ட வேண்டும். ஒருமுறை பரிசீலனை அறையில், முறையாக மனு நிரப்பியிருந்த ஓர் இளைஞர் நகலுக்குப் பதிலாக வாக்காளர் அடையாள அட்டையை நீட்டினார். அதிகாரி நேரம் கொடுத்தும் நகல் வந்து சேரவில்லை. பத்து முன்மொழிபவர்களும் வெளியே வராந்தாவில் காத்திருக்க, அவருடைய மனு தள்ளுபடியானது.