தூத்துக்குடி துப்பாக்கிச்சூடும் ஆணைய அறிக்கையும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

2018 மே 22, ஸ்டெர்லைட் தாமிர ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் 100ஆவது நாள். கலெக்டர் அலுவலகத்தை நோக்கிப் போனவர்கள் மீது போலீஸ் சுட்டது, மறுநாளும் சுட்டது, மொத்தம் 13 பேர் செத்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் அமைந்த ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 2022 மே 18 அன்று இறுதி அறிக்கை கொடுத்தது. நான் வழக்கறிஞன், அந்த அறிக்கையைப் படித்தவன். சட்டம், நடைமுறை பற்றிக் கேளுங்கள். ஆலையின் மாசு அளவெல்லாம் என் துறை இல்லை.

சட்டக் கல்லூரி மாணவி: ஐயா, 17 போலீஸ்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஆணையமே பரிந்துரைத்ததே, ஏன் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை?

இதைத்தான் எல்லோரும் கேட்கப்போகிறீர்கள், அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆணையம் என்பது நீதிமன்றம் இல்லை. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டப்படி அரசு அமைக்கிற ஒரு உண்மையறியும் குழு, அவ்வளவுதான். சாட்சிக்குச் சம்மன் அனுப்பலாம், ஆவணம் கேட்டு வாங்கலாம், பிரமாணம் செய்ய வைத்து விசாரிக்கலாம். தண்டனை கொடுக்க முடியாது. அதைவிட முக்கியம் அந்தச் சட்டத்தின் 6ஆவது பிரிவு: ஆணையத்தின் முன் ஒருவர் சொன்னதை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர, வேறு எந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. இந்திரா காந்தி கொலை வழக்கில், அந்தக் கொலையை விசாரித்த தக்கர் ஆணையத்தில் சாட்சிகள் சொன்னதை எதிர்த்தரப்பு கேட்டபோது, குறுக்கு விசாரணையில் முரண்பாடு காட்டக்கூட அது உதவாது என்று 1988இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, ஆயிரம் பேர் சொன்னதையும் போலீஸோ சிபிஐயோ புதிதாக விசாரித்து, புதிதாகப் பதிவுசெய்துதான் கோர்ட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் மேல் இன்னொரு பூட்டு இருக்கிறது. கூட்டத்தைக் கலைப்பதற்காகச் செய்தது என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆவது பிரிவுப்படி அரசின் அனுமதி இல்லாமல் வழக்கே தொடுக்க முடியாது. புதிய சட்டத்திலும் 151ஆவது பிரிவாக அது அப்படியே வந்திருக்கிறது.

வழக்கு 2018 ஆகஸ்டிலேயே சிபிஐ கைக்குப் போனது. அவர்கள் குற்றப்பத்திரிகையில் போலீஸ் தரப்பில் காட்டியது ஒரே ஒரு ஆய்வாளரை. போராட்டக்காரர்கள் பட்டியலோ மிக நீளம். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஆணைய அறிக்கையைத் தீர்ப்பு என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளாதீர்கள்.

பெயர் வேண்டாம்: ரஜினியை ஆணையம் கூப்பிட்டதே, என்ன ஆச்சு?

சமூக விரோதிகள் நுழைந்துவிட்டார்கள் என்று அவர் சொன்னதற்காகச் சம்மன் போனது. 13 சாவுகளின் கதையில் அது ஓர் ஓரம், விடுங்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு: வக்கீல் சார், வண்டிகளை எரித்தார்கள், கல் எறிந்தார்கள், எங்கள் ஆட்களுக்கும் மண்டை உடைந்தது. ஏசி ரூமில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவர்களுக்கு எதிரே நின்றவன் பாடு தெரியுமா?

ஏட்டையா, வண்டி எரிந்தது உண்மை, போலீஸாருக்கு அடிபட்டதும் உண்மை, அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. திரேஸ்புரம் எங்கே இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் எங்கே இருக்கிறது? ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். மகள் வீட்டுக்கு மீன் கொடுக்கப் போன ஒரு தாய் திரேஸ்புரத்தில் தலையில் குண்டு பட்டு விழுந்தார். அவர் எந்த வண்டியை எரித்தார்? ஊர்வலத்தில் வந்த 17 வயதுப் பெண்ணுக்குப் பின்னந்தலையில் புகுந்த குண்டு வாய்வழியாக வெளியேறியது. குண்டு எந்தப் பக்கம் புகுந்தது என்பதை போஸ்ட்மார்ட்டம் மேஜையில் பார்த்து எழுதுகிறார்கள், ஏசி ரூமுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முதுகு காட்டி ஓடுகிறவனால் யாருக்கு ஆபத்து?

ஓய்வுபெற்ற ஏட்டு: ஆர்டர் இல்லாமல் எந்தக் காவலனும் சுட மாட்டான். மேலே உள்ளவனை விட்டுவிட்டு கீழே உள்ளவனைப் பிடிக்கிறீர்கள்.

இதில் நானும் உங்கள் பக்கம். சட்டப்படி நிர்வாக நடுவரோ (கலெக்டர், வட்டாட்சியர் போன்றவர்) காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோதான் கலைந்து போகச் சொல்ல வேண்டும், எச்சரிக்க வேண்டும், அப்புறம் தண்ணீர், கண்ணீர்ப்புகை, தடியடி, கடைசியில்தான் துப்பாக்கி, அதுவும் இடுப்புக்குக் கீழே. இங்கே உத்தரவிட்டதாக முதல் தகவல் அறிக்கையில் ஏறியது துணை வட்டாட்சியர்கள் பெயர். ஒரு மாவட்டமே கொந்தளிக்கும் நாளில் அந்த முடிவு ஒரு துணை வட்டாட்சியர் தலையில் வந்து நிற்கிறது என்றால் கலெக்டர் எங்கே போனார்? ஆணையமும் அதைத்தான் கேட்டது. அன்றைய கலெக்டர், ஐஜி, டிஐஜி, எஸ்பி வரைக்கும் பொறுப்பாக்கியது. டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் சொன்னதையும் ஏற்கவில்லை. ஆனால் ஒன்று. ஒரே காவலரை வெவ்வேறு இடங்களுக்குக் கொண்டுபோய் 17 ரவுண்டு சுட வைத்தார்கள் என்கிறது அறிக்கை. 2022 அக்டோபரில் சஸ்பெண்ட் ஆனது ஒரு ஆய்வாளரும் மூன்று காவலர்களும். உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது, அதற்காக விசையை இழுத்த விரலை விட்டுவிட முடியாது.

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்: 144 போட்டிருந்தார்களே, மீறிப் போனது தப்புதானே?

தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடையை மீறினால் அன்றைய சட்டம் கொடுத்த தண்டனை அதிகபட்சம் ஆறு மாதச் சிறை. மரணம் இல்லை.

முத்துநகர்: 17 பேரும் குற்றவாளிகள் என்றால் ஏன் சார் ஜெயிலில் போடவில்லை?

முதல் பதிலைப் படியுங்கள்.

மதுரைக்காரர்: கமிஷன் எல்லாமே கண்துடைப்பு. பரமக்குடியில் என்ன கிழித்தார்கள்?

பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 அன்று நடந்த போலீஸ் துப்பாக்கிச்சூட்டை நீதிபதி சம்பத் ஆணையம் நியாயப்படுத்தியது. தாமிரபரணி ஆற்றில் 1999இல் போலீஸ் தடியடியின்போது 17 பேர் செத்ததற்கு அமைத்த மோகன் ஆணையமும் போலீஸைக் குறை சொல்லவில்லை. உங்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் தூத்துக்குடி அறிக்கையை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள். தூண்டுதல் இல்லாமல், ஓடுகிறவர்களைச் சுட்டார்கள் என்று ஒரு அரசு ஆவணமே பெயர் போட்டுச் சொல்கிறது, அது சட்டமன்றத்தில் 2022 அக்டோபர் 18 அன்று வைக்கப்பட்டது. அறிக்கை கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு வைக்க வேண்டும் என்பது சட்டம், சரியாக ஐந்து மாதத்தில் வைத்தார்கள். பேரனுக்குச் சொல்லும்போது இப்படி நடந்ததாம் என்று சொல்ல வேண்டியதில்லை, பக்கத்தைக் காட்டலாம். தண்டனை வாங்கித் தருவது வேறு வேலை, அது பாக்கி இருக்கிறது.

இன்னொருவர்: நஷ்டஈடு எவ்வளவு?

இறந்தவர் குடும்பத்துக்கு 50 லட்சம் என்பது ஆணையத்தின் பரிந்துரை, ஏற்கெனவே கொடுத்த 20 லட்சத்தைக் கழித்துக்கொண்டு. அரசு கூடுதலாக அறிவித்தது 5 லட்சம்.

சிப்காட் பக்கம்: ஆலை திறக்குமா?

மூடியது சரி என்று 2020இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் கம்பெனியின் மனுவைத் தள்ளியது. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

கல்லூரித் தம்பி: அண்ணா, அந்தப் பதினேழு பேரை ஏன்...

மூன்றாவது தடவை. மேலே இருக்கிறது, தம்பி.

வேறு ஊர்: எங்கள் ஊரிலும் ஒரு சாவு நடந்தது, போலீஸ் துரத்தியதில். என் போனில் வீடியோ இருக்கிறது. யாருக்கு அனுப்பலாம்?

முதலில் யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் விவரமும் போய்விடும். போனில் உள்ள மூலக் கோப்பைத் தொடாமல் அப்படியே ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள், போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். போஸ்ட்மார்ட்டம் வீடியோ எடுத்தார்களா என்று குடும்பத்தாரைக் கேட்கச் சொல்லுங்கள், அறிக்கை நகல் கேட்டு இன்றே மனு கொடுக்கச் சொல்லுங்கள். மனுவில் நகல் கேட்ட தேதியும், வாங்கிக்கொண்டவர் கையெழுத்தும் இருக்கட்டும். ஊர் பெயரை இங்கே எழுதாதீர்கள்.