ஐந்து நொடி வாயை மூடியிருப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு ஏழு வயது. இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். இரண்டு வரி போவதற்குள் பொறுமை இழந்து நானே சொல்லிவிடுகிறேன். அவள் வகுப்பில் ஒரு பையன் திக்கிப் பேசுவான். போன வாரம் அவனைப் போலவே பேசிக் காட்டினாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். கோபத்தில் ஓர் அடி வைத்தேன். அதன்பிறகு அவனைப் பற்றி அவள் பேசுவதே இல்லை. வாசிப்பும் வர வேண்டும், பிறரை மதிக்கவும் தெரிய வேண்டும். எங்கே தொடங்குவது?

ம.

அன்புள்ள ம.,

அடித்தது தவறு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோனதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நீங்களே எடுங்கள். நாலைந்து வாக்கியம் போதும்: "என்ன சொல்ல வேண்டுமென்று அவனுக்குத் தெரியும். வார்த்தை வெளியே வரத்தான் நேரமாகிறது. அவன் மேலோ அவன் வீட்டார் மேலோ தப்பில்லை. முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் கேள். நீ முடித்து வைக்காதே." 'மெதுவாப் பேசு', 'மூச்சு விட்டுப் பேசு' என்று யாரும் அவனிடம் சொல்ல வேண்டாம். பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்வதுதான் இது. ஆனால் எல்லோரும் தன் வாயையே பார்க்கிறார்கள் என்பதைத்தான் அது அவனுக்கு உணர்த்தும்.

அவனுக்கு அவள் தர வேண்டிய பொறுமை முதலில் அவளுக்குக் கிடைக்க வேண்டாமா? வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் காட்டினார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன. வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். வாசிப்புக்கு ஐந்து நொடி வைத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்ற எழுத்தையே பாருங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு. கடைசியில் வரும் காலைப் பார்த்த பிறகுதான் ஒலி உறுதியாகிறது. அதனால் குழந்தை 'கெ' என்று தொடங்கி, நின்று, 'கொ' என்று மாற்றிக்கொள்ளும். உங்களுக்குத் திணறலாகத் தெரியும் அந்த இடத்தில்தான் அவள் கற்கிறாள். அங்கே நீங்கள் சொல்லிக்கொடுத்தால் அவள் வேலை பாதியில் நின்றுவிடும்.

செய்முறை இது. தினம் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாள். புத்தகம் அவள் விருப்பம். ஆனால் நூறு சொல்லில் பத்துக்கு மேல் தடுக்கினால் அதை நீங்கள் வாசித்துக்காட்டும் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே குரலில், அவள் வேகத்தில் வாசியுங்கள். வரியில் நகர்வது அவள் விரல். தனியாக வாசிக்கத் தோன்றினால் மேசையைத் தட்டுவாள். நீங்கள் நிறுத்திவிட வேண்டும். தடுக்கினால் ஐந்து நொடி. வராவிட்டால் சொல்லைச் சொல்லுங்கள், அவள் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும், மறுபடி சேர்ந்து போங்கள். விளக்கவுரை வேண்டாம். பெரும்பாலும் கெட்டுப்போவது வேகத்தில்தான்: அவள் குரல் உங்களுக்கு அரைச்சொல் பின்னால் வந்தால், அவள் வாசிக்கவில்லை, எதிரொலிக்கிறாள். உங்கள் வேகத்தைக் குறையுங்கள்.

தம்பியை அந்தப் பத்து நிமிடத்துக்கு வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். முந்திக்கொண்டு சொல்லும் தம்பி உங்களைவிட ஆபத்தானவன்.

இன்னொன்று. திக்கிப் பேசுபவர்களில் பெரும்பாலோருக்குப் பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போது திக்கல் வெகுவாகக் குறைந்துவிடும். அந்தப் பையன் வீட்டுக்கு வந்தால் இருவரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லலாம், அவனுக்கு இஷ்டமிருந்தால் மட்டும். "பார், உன்னால் நன்றாகப் பேச முடிகிறதே!" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தனியாகப் பேசும்போது திக்கல் திரும்ப வரும். முயற்சி போதவில்லை என்று அவன் நினைத்துக்கொள்வான்.

எட்டு வாரம் விடாமல் செய்தும் எழுத்துக் கூட்டுவதிலேயே நின்றால், முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். அதில் குறையில்லை என்றால் வாசிப்புக் குறைபாட்டுக்கான மதிப்பீடு வேண்டுமென்று பள்ளியில் கேளுங்கள்.