எலியோடு மல்லுக்கட்டப்போகும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. கொழிஞ்சாம்பாறையிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகள், இரண்டு போதைப்பொருள்கள் மூளைக்குள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எலிகளை வைத்து ஆராயப்போகிறாளாம். போதைச் சாமானோடு புழங்கும் வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி (என்டிபிஎஸ்) அனுமதி இல்லாமல் கொக்கெய்ன் போன்ற சரக்கை ஆய்வகம் வாங்கவே முடியாது. வாங்கியதும் பூட்டுக்குள் போய்விடும். எடுத்த ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் பதிவேட்டில் கணக்கு. வாளையாறு செக்போஸ்ட்டே தேவலை என்று தோன்றும்.

கள்ளுக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தவர் கை தானாகப் பீடிக்கட்டைத் தேடும், பார்த்திருப்பீர்கள். ஒரு போதை இன்னொன்றுக்கு வழி திறந்துவிடுகிறதா என்பதுதான் உங்கள் மகளைப் பிடித்த கேள்வி. 2011இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற எரிக் காண்டல் இருந்த குழு, சுண்டெலிகளுக்கு ஏழு நாள் குடிதண்ணீரில் நிக்கோட்டின் கலந்து கொடுத்தது. அப்புறம் கொக்கெய்ன் கொடுத்தபோது மூளை வழக்கத்தைவிடப் பலமாக எதிர்வினை காட்டியது. வரிசையை மாற்றி, கொக்கெய்னை முதலில் கொடுத்தால் அப்படி நடக்கவில்லை. எது முன்னால் வந்தது என்பதற்கு மூளையில் அவ்வளவு மதிப்பு! மனிதர்களிடம் இதைச் செய்துபார்க்க முடியுமா?

நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு. இத்தகைய பல சோதனைகளில் போதைப்பொருளைச் செலுத்த எலியின் கழுத்து ரத்தக்குழாயில் மெல்லிய குழாயைப் பொருத்துவார்கள். அது அடைத்துக்கொள்ளாமல் தினமும் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஞாயிறு, ஓணம் எதுவும் கிடையாது. விலங்குச் சோதனைக்கான எதிக்ஸ் கமிட்டி எத்தனை எலி, எதற்கு என்று குடைந்து கேட்டுத்தான் அனுமதிக்கும். கடைசியில், வாரக்கணக்காகக் கையில் தூக்கிப் பழக்கிய எலியைப் பெரும்பாலும் கொன்று மூளையை எடுக்க வேண்டியிருக்கும். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் இங்கேதான் தடுமாறுவார்கள்.

படிப்பு என்று பார்த்தால் விலங்கியல் வழியாகவும் போகலாம். நான் பி.ஃபார்ம்தான் சொல்வேன். நடுவில் மனசு மாறினாலும் மருந்துக்கடையோ மருந்துக் கம்பெனியோ இருக்கிறது. நாலு வருஷம் முடித்து, ஜிபேட் என்ற நுழைவுத்தேர்வு எழுதி, மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று படிக்கும் ஃபார்மகாலஜியில் இரண்டு வருஷம் எம்.ஃபார்ம். பிறகு பிஎச்டி, ஐந்து வருஷமாவது வைத்துக்கொள்ளுங்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய் வரும். முடிக்கும்போது வயது முப்பதை நெருங்கிவிடும். கல்யாணப் பேச்சு மனதில் இருந்தால் இந்தக் கணக்கை இப்போதே அவளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

தமிழ் மீடியம் தாங்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் வருஷம் திணறுவாள், சரியாகிவிடும். கல்லூரியில் சேர்ந்ததும் சோதனை எலிகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாற்றத்தில் அரை மணி நேரம் நிற்கிறாளா என்று தெரிந்துவிடும். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று எழுதுங்கள்: உங்கள் வீட்டு எலிப்பொறியில் விழுந்ததை யார் எடுத்துப் போடுகிறார்கள்?